வளர்த்த காதும் தைத்த காதும்

எங்கள் வீட்டில் மூன்று விதமான காதுகள் இருந்தன. பூட்டிக்குத் தோளைத் தொடும் காது. ஆச்சிக்கு அறுத்துத் தைத்த காது. அம்மாவுக்கு ஊரில் எல்லோருக்கும் இருக்கிற காது. எழுபதுகளின் தொடக்கத்தில், சங்கரன்கோவிலுக்கும் கோவில்பட்டிக்கும் நடுவில் கரிசல் காட்டு ஊர் ஒன்றில், ஓட்டு வீட்டுத் திண்ணையில் மூவரும் சுளகை முன்னால் வைத்துக்கொண்டு நிலக்கடலை உடைப்பார்கள். பள்ளிக்கூடத்தில் எனக்கு வரலாறு சொல்லித் தந்தவர்கள் அசோகரிலிருந்து ஆரம்பித்தார்கள். நான் பார்த்த வரலாறு அந்தத் திண்ணையில் இருந்தது.

பூட்டி என்றால் அப்பாவின் அப்பாவைப் பெற்றவள். அவள் பிறந்த வருஷம் யாருக்கும் தெரியாது. எண்பதைத் தாண்டியிருந்தாள் என்பது மட்டும் நிச்சயம். ரவிக்கை போட்டதில்லை. பூட்டன் செத்தபின் வெள்ளைச் சேலைக்கு மாறியவள், பின்கொசுவம் வைத்துக் கட்டி முந்தானையை மார்பின் குறுக்கே இழுத்து இடுப்பில் செருகியிருப்பாள். சேலை மாறியதே தவிர, பாம்படத்தைக் கழற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம். "அவுக போட்டதா இது? எங்கய்யா போட்டது" என்பது அவள் வாதம். அதை எதிர்த்துப் பேச ஊரில் ஆளில்லை.

அந்தப் பாம்படத்தைக் கிட்டத்தில் பார்த்தவர்களுக்குத்தான் அதன் விசித்திரம் தெரியும். பூவோ கொடியோ மயிலோ அதில் கிடையாது. உருண்டை, சதுரக் கட்டி, கூம்பு, தட்டையான தகடு என்று கணக்கு வாத்தியார் பலகையில் போடுகிற உருவங்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்த நகை. பொன்னைத் தகடாக அடித்து அந்த உருவங்களில் மடக்கி, உள்ளே அரக்கை நிரப்பியிருப்பார்கள். அதனால் பார்வைக்கு இருக்கிற பருமனில் பாதிகூடப் பொன் இருக்காது. ஆனாலும் காதுக்கு அது கனம்தான். பூட்டி கோபமாகத் தலையை ஆட்டினால் இரண்டு பக்கமும் ஊசலாடிக் கழுத்தில் வந்து மோதும். படுக்கும்போது தலைக்கு மணைப்பலகை வைத்துக்கொண்டு, பாம்படம் நசுங்காமல் முன்னால் எடுத்துப் போட்டுக்கொள்வாள். மடியில் படுத்திருக்கும்போது அந்தக் காதுத் துளைக்குள் என் கையை நுழைத்து எடுப்பது எனக்கு விளையாட்டு. மணிக்கட்டுவரை தாராளமாகப் போகும்.

காதை எப்படி அப்படி வளர்த்தார்கள் என்று பூட்டியிடம் கேட்டால் ரசித்துச் சொல்லுவாள். பெண் பிறந்த கொஞ்ச நாளிலேயே காது குத்துகிறவர் வந்து கத்தியால் சோணையைக் கீறிவிடுவார். கீறின இடத்தில் எண்ணெயில் நனைத்த பருத்திப் பஞ்சுத் திரியை வைப்பார்கள். புண் ஆற ஆறத் திரியின் பருமன் கூடும். அப்புறம் பனையோலைச் சுருள். ஓலை தானாக விரிய முயலும், துளையும் கூடவே விரியும். அதற்கும் பிறகு குணுக்கு. ஈயத்தில் செய்த வளையம் அது. ஒன்று, இரண்டு, மூன்று என்று கூட்டிக்கொண்டே போக, கனத்தில் காது இறங்கிக்கொண்டே வரும். சில பிள்ளைகளுக்குச் சீழ் வைக்கும். சிலருக்குத் தாங்காமல் அறுந்தே போகும். "அறுந்தா?" என்று கேட்டேன். "அறுந்தா மூளிக்காதி. எவன் கட்டுவான்?" என்றாள். அவள் காலத்தில் காதுதான் ஜாதகம்.

சென்னை அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருந்த எட்கர் தர்ஸ்டன் 1906-ல் வெளியிட்ட நூலில் தென்னாட்டில் காது வளர்க்கும் வழக்கத்தையும் எழுதியிருக்கிறார். அதை அவர் சேர்த்திருப்பது உடம்பைச் சிதைத்துக்கொள்ளும் வழக்கங்கள் பற்றிய பகுதியில். பூட்டிக்கு அப்போது கல்யாணமாகிப் பிள்ளைகூடப் பிறந்திருக்கும். அவளைக் கேட்டிருந்தால் சிதைவு என்று எதைச் சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். அம்மாவின் காதை.

ஆச்சியின் கதை வேறு. அவளுக்கும் சின்ன வயதில் குணுக்கு போட்டு ஒழுங்காக வளர்த்துத்தான் கட்டிக்கொடுத்தார்கள். தாத்தா கொழும்பில் கடையில் கணக்கெழுதப் போனவர். திருநெல்வேலிச் சீமையில் பாதிப் பேருக்கு அந்தக் காலத்தில் கொழும்புதான் பட்டணம். குடுமியோடு கப்பலேறியவர், கிராப்புத் தலையும் கோட்டுமாகத் திரும்பிவந்தார். வந்தவர் கண்ணுக்குப் பெண்டாட்டியின் காது பட்டிக்காடாகத் தெரிந்துவிட்டது. அவர் குடுமியை எடுக்க நாவிதரும் கால்மணி நேரமும் போதுமாயிருந்தது. ஆச்சி என்ன செய்வாள்? சேலையை மாற்றலாம், கொண்டையை மாற்றலாம். பத்துப் பன்னிரண்டு வருஷம் இழுத்து வளர்த்த சதையை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது?

நாற்பதுகளில் ஏதோ ஒரு வருஷம் மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் வைத்துத் தொங்குகிற சதையை அறுத்து, மிச்சத்தைச் சேர்த்துத் தைத்துவிட்டார்கள். அந்தச் சமயத்தில் நம் பக்கத்தில் ஏகப்பட்ட பெண்கள் அப்படித் தைத்துக்கொண்டார்கள். தையல் பிரிக்கிறவரை கஞ்சிதான் குடித்தாளாம். வாயைத் திறந்து மென்றால் காது இழுக்குமாம். தழும்பு ஒரு வெள்ளைக் கோடாகக் கடைசிவரை இருந்தது. அந்தக் கோட்டை மறைக்கிற மாதிரிப் புதிதாகக் குத்தி ஏழுகல் கம்மல் போட்டுக்கொண்டாள். ஐப்பசி, கார்த்திகைக் குளிரில் தழும்பு அரிக்கும். சுண்டுவிரலால் சொறிந்துகொண்டே, "உங்க தாத்தா பண்ணுன வேலை" என்பாள். தாத்தா அப்போதும் கோட்டுப் படத்தில் சுவரில் விறைப்பாக இருப்பார். மருமகள் காதை அறுத்துக்கொண்டு வந்து நின்றதும் பூட்டி பல நாள் அவளோடு பேசவில்லை என்று கேள்வி.

பூட்டி ஏன் ரவிக்கை போடவில்லை என்று ஒருமுறை அம்மாவிடம் கேட்டேன். "அந்தக் காலத்துல யாரு போட்டா?" என்று முடித்துவிட்டாள். எங்கள் வீட்டைப் பொறுத்தவரை அது சரியான பதில்தான். ஆச்சி முன்பக்கம் முடிச்சுப் போடுகிற ரவிக்கைக்காரி. அம்மாவுக்குக் கொக்கி வைத்த ஜாக்கெட். ஆனால் எல்லோருக்கும் அது வெறும் வழக்கமாக மட்டும் இருக்கவில்லை என்பது பின்னால்தான் விளங்கியது. ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டினால் அன்றைய திருவிதாங்கூர். அங்கே நாடார் பெண்கள் தோளில் சீலை போட்டதற்காகத் தெருவில் வைத்துக் கிழித்திருக்கிறார்கள். 1820-களில் ஒரு தடவை, 1858-59-ல் மறுபடியும் கலவரம். சென்னை கவர்னர் ட்ரெவெல்யன் நெருக்கிய பிறகு, 1859 ஜூலை 26-ல் மகாராஜா ஒரு பிரகடனம் போட்டார். அதிலும் ஒரு கொக்கி இருந்தது: மேலே மூடிக்கொள்ளலாம், ஆனால் மேல்சாதிப் பெண்கள் போடுகிற மாதிரிப் போடக்கூடாது. உரிமையைக் கொடுக்கும்போதே அளவெடுத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

வடக்கே போனாலும் அதே கதைதான். மதுரை மேலமாசி வீதியில் 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி மேல்சட்டையை விட்டு அரைவேட்டிக்கு மாறினார் என்று வாத்தியார் தழுதழுத்துச் சொல்லுவார். ஒன்பது வருஷம் கழித்து, 1930 டிசம்பரில், பக்கத்து இராமநாதபுரம் ஜில்லாவில் ஆதிக்க சாதியார் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் போட்டதை அவர் சொன்னதில்லை. பொன், வெள்ளி நகை போடக்கூடாது, ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி உடுத்தக்கூடாது, சட்டை, பனியன், கோட்டு கூடாது, கிராப்பு வெட்டக்கூடாது, பெண்கள் ரவிக்கையும் தாவணியும் போட்டு மேலே மூடக்கூடாது, பூவும் மஞ்சளும் கூடாது, குடையும் செருப்பும் கூடாது, மண்பாத்திரம் தவிர வேறு ஆகாது. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன் இந்தப் பட்டியலைத் தன் நூலில் பதிந்து வைத்திருக்கிறார். ஒருத்தர் சட்டையைத் துறந்தது சரித்திரமானது; சட்டை போட்டு அடிவாங்கியவர்கள் பெயர் எந்தத் தெருவுக்கும் வைக்கப்படவில்லை.

நானே பார்த்திருக்கிறேன். தெற்குத் தெருப் பெரியவர்கள் எங்கள் தெரு முனைக்கு வந்ததும் தோளில் கிடக்கும் துண்டு தானாகக் கக்கத்துக்குப் போகும். தெரு தாண்டியதும் மறுபடி தோளுக்கு வரும். சின்னப் பிள்ளையான எனக்கு அது மரியாதையாகத் தெரிந்தது. எல்லோரும் செய்வது என்று நினைத்தேன். அந்தத் தெருப் பையன் ஒருவன் தூத்துக்குடியில் துறைமுக வேலைக்குப் போய், பொங்கலுக்குப் பெல்பாட்டம் போட்டுக்கொண்டு வந்தான். முழங்காலுக்குக் கீழே அகன்று, செருப்பை மூடி, மண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தது அது. காலர் நாய்க் காது அகலம். இடுப்பில் பெரிய பித்தளைக் கொக்கி வைத்த பெல்ட். கையில் துண்டு இல்லை. ஆகவே இறக்குவதற்கும் ஒன்றும் இல்லை. டீக்கடைப் பெரிசுகளுக்கு எதைச் சொல்லித் திட்டுவது என்றே தெரியவில்லை. "தெருவக் கூட்டுறதுக்கு வாரியல் வேண்டாம்" என்று ஒருத்தர் சொன்னார், மற்றவர்கள் சிரித்தார்கள், அதோடு சரி. அடுத்த வருஷம் எங்கள் தெருப் பையன்கள் அதே அகலத்தில் தைக்கச் சொல்லி டெய்லரிடம் நின்றார்கள்.

துணியும் அந்த வருஷங்களில்தான் மாறியது. அதுவரை வீட்டில் எல்லாம் பருத்தி. வாரத்துக்கு ஒருமுறை வண்ணார் வந்து மூட்டை கட்டிக்கொண்டு போவார். உவர்மண்ணில் முக்கி, பெரிய பானையில் அடுக்கி, இரவெல்லாம் ஆவியில் வேகவைக்கிற வெள்ளாவி. வெளுத்து வந்த வேட்டிக்கு ஒரு வாசனை உண்டு. புகையும் வெயிலும் கலந்தது. மூலையில் சேங்கொட்டைச் சாறால் போட்ட குறி இருக்கும். எங்கள் வீட்டுக்கு இரண்டு கோடும் ஒரு புள்ளியும். எழுதப் படிக்கத் தெரியாத மனிதர், ஊரிலுள்ள அத்தனை வீட்டுத் துணியையும் அந்தக் குறிகளை வைத்தே பிரித்துப் போடுவார். ஒருநாளும் மாறியதில்லை.

அப்பா திருநெல்வேலியிலிருந்து தனக்கு டெரிகாட்டன் சட்டையும் அம்மாவுக்கு நைலக்ஸ் சேலையும் வாங்கி வந்தார். இஸ்திரி வேண்டாம், கசங்காது, கொடியில் போட்டால் காபி குடித்துவிட்டு வருவதற்குள் காய்ந்துவிடும் என்று விளக்கம் வேறு. பூட்டி சேலையைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இதுக்கு உடுத்தாமயே இருக்கலாமே" என்றாள். ரவிக்கையே போடாதவள் சொன்னது இது. ஆச்சி அந்தச் சேலையோடு அடுப்படிக்குள் வரக்கூடாது என்று உத்தரவு போட்டாள். அது நியாயமான உத்தரவு. பருத்தியில் தீப்பிடித்தால் எரிந்து சாம்பலாகும். நைலான் உருகி உடம்போடு ஒட்டிக்கொள்ளும். அம்மா சமைக்கும்போது பழைய வாயில் சேலைக்கு மாறி, விளக்கு வைத்தபின் நைலக்ஸுக்கு மாறுவாள். வண்ணார் வெள்ளாவியில் டெரிகாட்டன் சட்டை ஒன்றை வைத்துவிட்டுச் சுருண்டுபோனதைக் கொண்டுவந்து நின்றது நினைவிருக்கிறது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அதன்பிறகு மூட்டையில் சட்டைகள் போகவில்லை. பிறகு சேலைகள். கடைசியில் தாத்தா காலத்து ஜமுக்காளமும் பூட்டியின் வெள்ளைச் சேலைகளும் மட்டும் போய்வந்தன. அவர் மகன் கழுகுமலையில் இஸ்திரிக் கடை போட்டான்.

ஒரு மாசித் திருவிழாவுக்குத் திருச்செந்தூர் போகும் வழியில் கிருஷ்ணாபுரத்தில் இறங்கினோம். நாயக்கர் காலத்துக் கோவில். வெங்கடாசலபதியைப் பார்க்க நேரம் ஆகவில்லை. மண்டபத்துத் தூண் சிலைகளிடம்தான் எல்லோரும் நின்றோம். ராஜகுமாரனைத் தோளில் தூக்கிக்கொண்டு போகும் குறத்தி, அன்னத்தின் மேல் ரதி, தாடி வைத்த கர்ணன். ஒவ்வொரு மணியும் கொக்கியும் கல்லில் தெரியும். பூட்டி சிலைகளின் முகத்தைப் பார்க்கவே இல்லை. நேரே காதுக்குப் போனாள். தடவிப் பார்த்து, "குணுக்கு நல்லா வாங்கியிருக்கு" என்று தீர்ப்புச் சொன்னாள். ஆச்சி கம்மலைத் திருகிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள். தெய்வத்துக்கும் ராணிக்கும் குறத்திக்கும் ஒரே நீளத்தில் காது. அந்த மண்டபத்தில் பட்டிக்காடாக நின்றது நாங்கள்தான்.

பஸ் அதே சாலையில் ஆதிச்சநல்லூரைத் தாண்டித்தான் போனது. அந்தப் பரம்பில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அலெக்சாண்டர் ரீ தோண்டியபோது தாழிகளோடு பொன் நெற்றிப்பட்டங்கள் கிடைத்தன. இரும்புக் காலத்து மனிதர்கள் மெல்லிய தகடாகப் பொன்னை அடித்துப் புள்ளிவைத்து, செத்தவர்களோடு புதைத்தவை. யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. பூட்டி முறுக்கைப் பல்லில்லாத வாயில் ஊறவைத்துக்கொண்டு, பாம்படம் பஸ் கம்பியில் இடிக்காமல் கையால் பிடித்துக்கொண்டு வந்தாள்.

உயர்நிலைப்பள்ளித் தமிழய்யா பட்டினப்பாலையில் ஓர் இடம் சொன்னார். காவிரிப்பூம்பட்டினத்து வீட்டு முற்றத்தில் நெல் காயும்; கொத்தவரும் கோழியைப் பெண்கள் காதிலுள்ள கனத்த குழையைக் கழற்றி எறிந்து விரட்டுவார்கள்; அது பிள்ளைகள் ஓட்டிவரும் மூன்று சக்கரத் தேரை வழிமறிக்குமாம். வகுப்பே செல்வச் செழிப்பை வியந்தது. வீட்டுக்கு வந்து பூட்டியிடம் சொன்னேன். அவள் வியக்கவில்லை. "கோழிக்கு எறியுறதுக்கு ஒரு கல்லு கெடைக்கலியா அவளுகளுக்கு? அரக்கு உடைஞ்சுபோவும்லா" என்றாள்.

பாம்படம் செய்கிற ஆசாரி எங்கள் ஊரில் ஒருவர் இருந்தார். நான் பார்க்கும்போது சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். சீனச் சண்டை முடிந்த கையோடு, 1963 ஜனவரியில் மொரார்ஜி தேசாய் தங்கக் கட்டுப்பாடு கொண்டுவந்தார். 14 காரட்டுக்கு மேல் நகை செய்யக்கூடாது என்றது சட்டம். நாடு முழுக்க ஆசாரிமார் வேலையிழந்தார்கள். உயிரை விட்டவர்களும் உண்டு. "பதினாலு காரட்டு பொன்னு இல்ல தம்பி, பித்தளைக்குத் தம்பி" என்று ட்யூபைத் தண்ணீரில் முக்கிக்கொண்டே சொல்வார். அதன் கோளாறு என்னவென்றால் அது இழுத்த இழுப்புக்கு வராது, தகடாக அடித்தால் விரியும் முன்னே வெடிக்கும். பாம்படத்துக்கு வேண்டியதோ தகடு. பின்னால் கெடுபிடி தளர்ந்தது. ஆனாலும் 1968-ல் தனிச் சட்டமாகி, 1990 வரை அது புத்தகத்தில் இருந்தது. அவர் பட்டறைக்குத் திரும்பியபோது பாம்படம் செய்யச் சொல்லி வர ஆளில்லை. ஜிமிக்கிதான் கேட்டார்கள். உருக்குவதற்குத்தான் பாம்படம் அவரிடம் வந்தது.

எங்களுடையதும் அவரிடம்தான் போனது. பூட்டி செத்ததும், குளிப்பாட்டும் முன் ஆச்சிதான் கழற்றினாள். அதுவரை அவள் அதைத் தொட்டு நான் பார்த்ததில்லை. பதினாறு முடிவதற்குள் பங்குச் சண்டை வந்துவிட்டது. தாத்தாவின் தங்கை, எங்களுக்குச் சின்ன ஆச்சி, அம்மா நகை மகளுக்குத்தான் என்றாள். மருமகள் பார்த்த பாட்டுக்கு ஒன்றும் இல்லையா என்றாள் எங்கள் ஆச்சி. பெரியவர்கள் கூடி, வலது காது மகளுக்கு, இடது காது மகன் வீட்டுக்கு என்று தீர்த்தார்கள். எங்கள் பங்கை அக்கா கல்யாணத்துக்கு நெக்லஸ் செய்யக் கொடுத்தார்கள்.

ஆசாரி குமுட்டியைப் பற்றவைத்து, குறட்டால் உருண்டையைப் பிடித்து ஊதுகுழலால் ஊதினார். முதலில் ஒன்றும் ஆகவில்லை. பிறகு தையல் வாய் திறந்து கறுப்பாகப் பொங்கிற்று. அரக்குப் புகை மூக்கில் ஏறியது. ஒவ்வொன்றாகப் பிளந்து வழித்து, தகடுகளைத் தனியே வைத்தார். பாக்கு உரித்த மட்டை போல நசுங்கிக் கிடந்தன. சின்னத் தராசில் நிறுத்துக் கணக்குச் சொன்னார். வீட்டில் எல்லோரும் நினைத்திருந்ததைவிட நன்றாகக் குறைந்தது. அப்பா தராசையே பார்த்தார். ஆச்சி சிரித்துவிட்டாள். "இதுக்கா கிழவி அம்புட்டு ஆட்டு ஆட்டுனா?"

நெக்லஸுக்குப் போதாமல் அம்மாவின் ஒரு வளையலைச் சேர்த்தார்கள். கிளம்பும்போது ஆச்சி ஆசாரியின் காலடியில் ஆறிக் கிடந்த அரக்குக் கட்டியைக் காட்டி, "அதையும் பொட்டலம் கட்டு" என்றாள். அது எதற்கு என்று அப்பா கேட்டார். "நம்ம வீட்டுதுதான அது. கத்திப் பிடி ஆடுது" என்றாள். அன்றைக்குச் சாயங்காலமே அடுப்பில் காட்டி இளக்கி, கத்தியின் வாலைச் செருகி ஒட்டினாள். நல்ல பழைய அரக்கு. அம்மா அந்தக் கத்தியில் ரொம்ப வருஷம் காய் நறுக்கினாள்.